வெந்நீரின் சூடு

மூன்றாவது சொம்புத் தண்ணீரை வலது தோளில் ஊற்றும்போதுதான் மெஹ்ஜபீன் அதைக் கவனித்தாள். தங்கை ரூபீனாவின் புறங்கையில், காலையில் குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தியிருந்த இடத்திலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் துடைக்காமல் விட்ட பழைய கறை இல்லை. புது ரத்தம். வெந்நீர் பட்டதும் வெளுத்துப் பலகையின் ஓரமாக இறங்கியது. விரலால் அழுத்தித் துடைத்தாள். விரலை எடுத்ததும் மறுபடி வந்தது. இன்னொரு தடவை துடைத்தாள். அது கேட்பதாக இல்லை.

“காலா, இங்க பாருங்க,” என்றாள்.

அந்தத் தெருவில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்ட வருகிறவள் காலாதான். காலா என்றால் சின்னம்மா. தெருவுக்கே சின்னம்மாவாகி, சொந்தப் பெயர் என்னவென்று கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது. வீட்டின் பின்புறம் நாலு பக்கமும் புடவை கட்டி மறைத்த இடத்தில், பள்ளிவாசலிலிருந்து தூக்கி வந்த பலகைமேல் ரூபீனா படுத்திருந்தாள். தலைமாட்டில் அவளைப் பெற்ற அஸ்மத், பிள்ளைகளுக்கு அம்மி. கால்மாட்டில் காலா. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் இரண்டு அண்டாவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சீக்கிரம் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவதாகப் பேச்சு.

காலா குனிந்து கையைப் பார்த்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். கீழே இரண்டு தடவை மாற்றி வைத்த பஞ்சும் நனைந்துபோயிருந்தது. காலா சொம்பைக் கீழே வைத்தாள். அவள் குளிப்பாட்டும்போது பாதியில் சொம்பைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

“இன்னா காலா?” என்றாள் அம்மி.

காலா, மூடியிருந்த துணிக்கு அடியில் கையை விட்டு ரூபீனாவின் நெஞ்சில் வைத்தாள். 

“உடம்பு சூடா இருக்கு,” என்றாள். “செத்த உடம்புல ரத்தம் இப்பிடி வராதும்மா. நான் லாரில அடிபட்டவங்கள கழுவியிருக்கேன், கெணத்துல எடுத்தவங்கள கழுவியிருக்கேன். கட்டிப்போய் நிக்கும். இப்பிடித் தண்ணியா ஓடி நான் பாத்ததில்ல.”

அம்மி மகளின் நெற்றியில் வைத்திருந்த கையை எடுத்து, கன்னத்தில் வைத்தாள், காதுக்குப் பின்னால் வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

“டாக்டரு நல்லா பாத்தாங்களா?” என்று காலா கேட்டாள்.

கேள்வி மெஹ்ஜபீனுக்கு. கடைசிவரை ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்தான். புடவைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

நல்லா பாத்தாங்களா. காலையிலிருந்து அவர்கள் வேறென்ன செய்தார்கள்?

விடியற்காலம் பனிக்குடம் உடைந்து கூட்டிப் போனார்கள். முதல் பிரசவம், நாலு வருஷம் காத்திருந்து வந்தது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ரூபீனா வலிக்கு நடுவே பசிக்கிறது என்று சொல்லி, “இப்ப இன்னாடி சாப்பாடு, வந்த வேலைய பாரு,” என்று மெஹ்ஜபீனிடம் திட்டுகூட வாங்கினாள். அப்புறம் திடீரென்று அக்காளிடம், “ஆபா, குளிருது. ஃபேன நிறுத்து,” என்றாள். ஃபேன் ஓடவில்லை. மெஹ்ஜபீன் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவள் உதடு நீலமாகி, கண் மேலே போய்விட்டது. நர்ஸ்கள் ஓடி வந்து மெஹ்ஜபீனை வெளியே தள்ளினார்கள்.

அதற்கப்புறம் கதவு திறந்து திறந்து மூடியதுதான் அவளுக்குத் தெரியும். குழந்தையை எடுத்துவிட்டார்கள், பெண் குழந்தை, மூச்சுத் திணறுகிறது என்று மாடிக்குத் தூக்கி ஓடினார்கள். நின்றுபோன இதயத்தைத் திரும்ப ஓட வைத்துவிட்டோம் என்றார்கள். மெஹ்ஜபீன் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் டாக்டர் சந்திரகலா வெளியே வந்தாள். மூடிய கைக்குள் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே ரத்தம்.

“பனிக்குடத் தண்ணி அவங்க ரத்தத்துல கலந்துடுச்சும்மா. லட்சத்துல ரெண்டு மூணு பேருக்கு இப்படி ஆகும். முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. அது கலந்துட்டா ரத்தம் உறையற சக்தி போயிடும்.” குழாயைச் சாய்த்துக் காட்டினாள். “எடுத்து எவ்வளவு நேரமாச்சு. இந்நேரம் கட்டியா நின்னிருக்கணும். பாருங்க.”

ரத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீராகப் போய் வந்தது.

பள்ளிவாசல் மைக்கில் ரத்தம் கேட்டார்கள். பக்கத்து வீட்டு முருகவேல் வேன் ஸ்டாண்டு ஆட்களை வாரிப் போட்டுக்கொண்டு வந்தான். ரூபீனாவின் புருஷன் ஷோயப் போனைக் காதிலிருந்து எடுக்காமல் மாடிக்கும் கீழுக்கும் ஓடினான். சிவப்புப் பை போயிற்று, உறைய வைக்கும் மஞ்சள் பையும் போயிற்று. கர்ப்பப்பையை எடுத்தார்கள். இந்தப் பக்கம் ஏற்றியது அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சந்திரகலா கையுறை இல்லாமல் வெளியே வந்தாள். அந்த வெறும் கையைப் பார்த்ததுமே மெஹ்ஜபீனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கூட்டிப் போய் மெஷினில் நேர்க்கோட்டையும் காட்டினார்கள்.

ஆகவே, நல்லா பாத்தாங்க காலா, என்றுதான் மெஹ்ஜபீன் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காலா பஞ்சை மாற்றிவிட்டு நாலாவது சொம்பை எடுத்திருப்பாள். ஆனால் சொன்னால் அதோடு முடிந்தது. அவளுக்கு முடிய வேண்டாம். விரலுக்கடியில் ரத்தம் வந்துகொண்டிருக்கும்போது எந்த அக்காளுக்கு வாய் வரும்?

“தெரியல,” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அம்மி முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் புடவை மறைப்பை விலக்கிக்கொண்டு ஆண்கள் இருந்த பக்கம் ஓடினாள்.

“ஷோயப், அவளுக்கு உயிர் இருக்குடா. ரத்தம் ஓடுது. வந்து பாரு.”

ஷோயப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உட்கார வைத்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். உடலைக் கொண்டுவந்து இறக்கியபோது அவன் ரூபீனாவின் முகத்தைத் தொடப் போனான். அவன் அப்பா நூருல்லா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பெரிய தெருவில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருப்பவர், பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். இதில் சட்டம் என்ன, அதில் சட்டம் என்ன என்று நாலு பேர் அவரிடம்தான் கேட்பார்கள். “பாக்கலாம்பா. தொடக் கூடாது. மவுத்தோட நிக்காஹ் முடிஞ்சிபோச்சி, இனி அவ ஒன் பெண்டாட்டி இல்ல,” என்றார். குரலை உயர்த்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் மெஹ்ஜபீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று ராத்திரி வரைக்கும் அவள் வீங்கிய காலைத் தன் மடியில் போட்டு அமுக்கிவிட்டவன். ஒரு மணி நேரத்தில் அன்னியனாகிவிட்டானா?

இப்போது அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. யாரும் தடுக்குமுன் மறைப்புக்குள் வந்துவிட்டான். பெண்கள் அவசர அவசரமாக ரூபீனாமேல் இரண்டு போர்வையைப் போட்டுச் சுற்றினார்கள். அவன் குனிந்து, ஒரு கையைக் கழுத்துக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் அடியில் கொடுத்து, சொட்டச் சொட்ட அவளைத் தூக்கினான். மெஹ்ஜபீன் நூருல்லாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. உயிர் இருந்தால் அவள் இவன் பெண்டாட்டி. அதில் சட்டம் பேச என்ன இருக்கிறது?

“முருகவேலு, வண்டிய எடுப்பா,” என்றார் நூருல்லா.

முருகவேல் வைத்திருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஆம்னி வேன். முன்சீட்டில் நூருல்லா ஏறினார். பின்னால் நீள சீட்டில் ஷோயப், அவன் மடியில் ரூபீனா. எதிர்ச் சீட்டில் அம்மி. மெஹ்ஜபீன் கீழே கால் வைக்கும் இடத்தில் உட்கார்ந்து, ரத்தம் வந்த கையைத் துப்பட்டாவால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“பாருங்க ஆபா, தல தொங்கல,” என்றான் ஷோயப். “கழுத்த அவளே புடிச்சிகினு இருக்கா.”

“ஆமா,” என்றாள் மெஹ்ஜபீன். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. யா அல்லா, காலையில் அந்த மெஷின் பொய் சொல்லியிருக்கட்டும். சந்திரகலா படித்த படிப்பெல்லாம் பொய்யாகட்டும். சொம்பைக் கீழே வைத்த காலா மட்டும் மெய்யாகட்டும்.

பெரிய தெரு முனை தாண்டுவதற்குள் வண்டி நின்றது. அன்றைக்குப் பௌர்ணமி. மத்தியானத்திலேயே கிரிவலக் கூட்டம் தெருவை நிறைத்துவிட்டிருந்தது. செருப்பில்லாத கால்கள், தோளில் பை, கையில் தண்ணீர்ப் பாட்டில். குறுக்கே இரும்புத் தடுப்பு. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

“வண்டி போவாது. சுத்திகினு போ.”

“சார், பிரசவ கேஸு. ரத்தம் போய்கினே இருக்கு,” என்றான் முருகவேல்.

அவர் ஜன்னலில் தலையை விட்டார். போர்வையையும், ஈரத் தலையையும், துப்பட்டாவில் பரவிய சிவப்பையும் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தடுப்பைத் தானே இழுத்து விலக்கிவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. யாரோ ஒரு அம்மாள் ஓடி வந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். “தாகமா இருக்கும், குடிக்கக் குடுங்க,” என்றாள். அம்மி அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

மெஹ்ஜபீன் அப்போதுதான் நாடி பார்த்தாள். ஏறினவுடனே பார்த்திருக்கலாம். துணிச்சல் வரவில்லை. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். வண்டி குலுங்கியது. இடத்தை மாற்றி வைத்தாள். முழங்கை மடிப்பில் வைத்தாள். போர்வைக்குள் கையை விட்டு, காலா வைத்த அதே நெஞ்சில் வைத்தாள்.

சூடு இல்லை.

ஷோயப்பின் கை படிந்திருந்த தோளில் கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தது. மற்ற இடமெல்லாம் ஈரத்துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. பாதத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. அவளுக்குப் புரிந்துபோயிற்று. அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றினார்களே, அந்தத் தண்ணீரின் சூடு. ஊற்றிய சூட்டைத்தான் காலா தொட்டுப் பார்த்திருக்கிறாள். அம்மி தொட்டுப் பார்த்ததும் அதைத்தான். இவர்களே சூடாக்கி, இவர்களே சூடாயிருக்கிறது என்று ஓடி வந்திருக்கிறார்கள்.

சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தாள். ஷோயப் அவளைக் கவனிக்கவில்லை. ரூபீனாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து பேசிக்கொண்டிருந்தான்.

“நீ கண்ண தொறக்க வேணாம். சும்மா கேளு. பாப்பாவ பாத்தேன். ஒன்னோட மூக்கு. முடி ஜாஸ்தி இருக்கு. நெத்தி வரைக்கும் இருக்கு. நீ சொன்ன மாதிரியே பொண்ணுதான். நாந்தான் தோத்துட்டேன். கேக்குதா?”

இடையிடையே கலைந்த ஈரமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டான். ஒதுக்கிய இடத்தையே திரும்பத் திரும்ப ஒதுக்கினான்.

மெஹ்ஜபீன் வாயை மூடிக்கொண்டாள்.   சொன்னால் இவன் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்கச் சொல்ல முன்சீட்டில் ஆள் இருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைக்கும் இவள் உயிரோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

“இன்னும் கொஞ்சம் வேகமா போ முருகவேலு,” என்று அம்மி கத்தினாள். “வழி விடுங்கய்யா. எம் பொண்ணு, வழி விடுங்க.”

கூட்டம் வழிவிட்டுக்கொண்டே இருந்தது. முன்னால் அந்தப் போலீஸ்காரர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நல்ல மனுஷன். இந்த ஊரில் இவ்வளவு நல்ல மனுஷன் இன்றைக்குத்தானா டூட்டிக்கு வர வேண்டும் என்று மெஹ்ஜபீனுக்கு ஆத்திரம் வந்தது. வருஷமெல்லாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்தத் தெருவில் மணிக்கணக்கில் நின்றிருக்கிறாள். இன்றைக்கு ஒரு பத்து நிமிஷம் நெரிசலில் சிக்கக் கூடாதா? பஸ் ஒன்று குறுக்கே நின்று தொலைக்கக் கூடாதா?

எதுவும் நிற்கவில்லை. வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்விட்டது.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். டூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் அவசரமாக நெஞ்சில் ஒயர்களை ஒட்டினான். மெஷின் பேப்பரைத் துப்பியது. அவன் பேப்பரைப் பார்த்தான், கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்தான், மறுபடி பேப்பரைப் பார்த்தான். அப்புறம் யாரையும் பார்க்காமல் போனை எடுத்து, “மேடம், காலைல போன கேஸ், திருப்பி கூட்டிட்டு வந்திருக்காங்க,” என்றான்.

சந்திரகலா இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. காலையில் போட்டிருந்த அதே பச்சை உடுப்பில் வந்தாள். திட்டுவாள் என்று மெஹ்ஜபீன் எதிர்பார்த்தாள். திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் ரூபீனாவின் கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். ஒரு ஸ்டூலை இழுத்து அம்மிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

“ரத்தம் வருதேன்னு கூட்டிட்டு வந்தீங்களாம்மா?”

“ஓடுது டாக்டரம்மா. நிக்கவே இல்ல. செத்திருந்தா நின்னிருக்குமே.”

“ஓடலம்மா. வழியுது. உயிர் இருந்தா இதயம் தள்ளித் தள்ளி வரும். இது சாய்ச்ச பக்கம் வழியுது, அவ்வளவுதான். நமக்கெல்லாம் ஒரு ஓட்டை விழுந்தா ரத்தமே கட்டிக்கிட்டு அதை அடைச்சிடும். ரூபீனா ரத்தத்துல அந்தப் பனிக்குடத் தண்ணி கலந்ததும், அடைக்கறதுக்கு இருந்த சத்தெல்லாம் உடம்புக்குள்ளயே கண்ட இடத்துல கட்டிக் கட்டித் தீந்துபோச்சு. வெளியில இருந்து ஏத்துனதும் தீந்துபோச்சு. அதான் உயிர் போன பிறகும் ஊசி குத்துன இடம் மூட மாட்டேங்குது. அவங்க வேணும்னு நீங்க நினைச்சது தப்பில்லம்மா. ஆனா அவங்க காலையிலயே போயிட்டாங்க.”

அம்மி அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை இன்னும் மார்போடு வைத்திருந்தாள். மெதுவாக மெஹ்ஜபீன் பக்கம் திரும்பினாள்.

“இத காலைலயே ஒனக்கு சொன்னாங்களா?”

“சொன்னாங்க அம்மி.”

“அப்பறம் ஏன் தெரியலன்ன?”

மெஹ்ஜபீனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. “எனக்கும் அவ வேணும்னு இருந்திச்சி,” என்றாள்.

அம்மி அவளை அடிக்கவில்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, மெஹ்ஜபீனின் தலையை இழுத்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் அப்போதுதான் அழுதார்கள். காலையிலிருந்து அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று தோன்றும்படி அழுதார்கள்.

மெஹ்ஜபீன் தலையைத் தூக்கியபோது ஷோயப் சுவரோரம் நின்றிருந்தான். எப்போது விலகிப் போனான் என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, தள்ளுவண்டியில் கிடந்தவளை அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனாகவே விலகிவிட்டிருந்தான்.

சந்திரகலா எழுந்து வேலையில் இறங்கினாள். கழுத்தில் இருந்த ஓட்டையைத் தையல் போட்டு மூடினாள். கீழே நர்ஸை வைத்துக்கொண்டு இறுக்கமாகத் துணி அடைத்தாள். புறங்கைக்கு வந்தபோது நின்றாள். நரம்பு கிடைக்காமல் காலையில் பல இடத்தில் குத்தியதில் அங்கே தோல் பிய்ந்துபோயிருந்தது. தையல் பிடிக்கவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு விட்டாள்.

“இது மட்டும் ஒழுகிட்டே இருக்கும்போல. பஞ்சு வெச்சுத் தரேன். யாராவது ஒருத்தர் அழுத்திப் பிடிச்சிக்கிட்டே போங்க. நீங்க சுத்தற துணியில ஆகாம இருக்கும்,” என்றாள். அப்புறம் ஷோயப் பக்கம் திரும்பி, “பாப்பா இப்ப பரவாயில்லப்பா. மேல ஒரு தடவ பாத்துட்டுப் போறியா?” என்று கேட்டாள்.

ஷோயப் வேண்டாமென்று தலையை ஆட்டினான். “அப்பறம் வரேங்க. மேல அமான் இருக்காரு,” என்றான். அமான் மெஹ்ஜபீனின் புருஷன். காலையிலிருந்து குழந்தை வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

ரூபீனாவை மறுபடி வேனுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை நீள சீட்டில் அவளை மட்டும் படுக்க வைத்தார்கள். பஞ்சு வைத்த கை சீட்டின் ஓரத்தில் இருந்தது. அம்மி எதிர்ச் சீட்டிலிருந்து குனிந்து அதைப் பிடித்தாள். அவள் கை நடுங்கிய நடுக்கத்தில் பஞ்சு நழுவி விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி நழுவியது.

“நீ புடிடி,” என்றாள் மெஹ்ஜபீனிடம்.

மெஹ்ஜபீனுக்குக் கை நன்றாகத்தான் இருந்தது. தையலுக்குத் துணி வெட்டிப் பழகிய கை, நடுக்கம் என்றால் என்னவென்றே தெரியாத கை. இரண்டையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“என்னால முடியாது அம்மி,” என்றாள். “ஷோயப், நீ வந்து புடி.”

ஷோயப் வண்டிக் கதவருகில் நின்றிருந்தான். முன்னால் ஏறப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் மெஹ்ஜபீனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். முருகவேல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நூருல்லா சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மெஹ்ஜபீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லட்டும், இன்றைக்கு அந்த மனிதரோடு நடுரோட்டில் சண்டை போடுவது என்று முடிவு பண்ணிவிட்டாள். நாளைக்குத் தெரு என்ன பேசினாலும் பேசட்டும். இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு இனி யாருக்குப் பயம்?

நூருல்லா பஞ்சைப் பார்த்தார். ஓரமாகச் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

“ரத்தம் போறத பாத்துகினு சும்மா நிக்கக் கூடாது,” என்றார். குரல் உடைந்தது. “ஏறுப்பா. அழுத்திப் புடி.”

சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பின்னால் திரும்பவே இல்லை.

ஷோயப் கீழே, கால் வைக்கும் இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். ரூபீனாவின் கையைத் தன் இடதுகைமேல் வைத்து, வலது கட்டைவிரலால் பஞ்சை அழுத்தினான். வரும்போது பேசிய மாதிரி அவளிடம் எதுவும் பேசவில்லை. நெற்றியை அவள் விரல்களுக்குப் பக்கத்தில் சீட்டின்மேல் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது யாரும் வழி கேட்கவில்லை. கூட்டம் மத்தியானத்தைவிட ஜாஸ்தியாகியிருந்தது. அந்தப் போலீஸ்காரர் தடுப்பருகில் நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். வேனைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். ஜன்னலில் பார்த்தார். அம்மியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தடுப்பைத் திறந்துவிட்டார். விசில் ஊதவில்லை. முருகவேல் நடக்கிறவர்களுக்குப் பின்னால் நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டான். ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை.

வீட்டு வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். வண்டி வருகிற விதத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒருத்தி உள்ளே ஓடிப் போய் மற்றவர்களிடம் சொன்னாள். காலா மட்டும் முன்னால் வந்தாள். வேன் கதவைத் திறந்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

“என் தப்பு மெஹ்ஜபீன்,” என்றாள். “கெழவி ஏதோ ஒளறிட்டேன்.”

“இல்ல காலா,” என்றாள் மெஹ்ஜபீன்.

அம்மியை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப் போனார்கள். நூருல்லா இறங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அஸர் தொழுகைக்குக் கூப்பிட்டுப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். ஆண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தார்கள். இனி கழுவி முடிக்க வேண்டும், துணி சுற்ற வேண்டும், நேரமில்லை.

காலா வண்டிக்குள் குனிந்தாள். “இன்னும் வருதா?” என்றாள். “கைய எடு தம்பி, பாக்கலாம்.”

ஷோயப் விரலை எடுக்கவில்லை. தலையையும் தூக்கவில்லை.

“இன்னும் நிக்கல,” என்றான்.

காலா மெஹ்ஜபீனைப் பார்த்தாள். மெஹ்ஜபீன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவன் கட்டைவிரலும் பஞ்சும் தெரிந்தன. ஓரத்தில் ஊறியிருந்த சிவப்பு ஆஸ்பத்திரியில் பார்த்த அதே அளவில்தான் இருந்தது. அதற்குமேல் பஞ்சு வெள்ளையாக இருந்தது.

“ஆமா காலா,” என்றாள். “இன்னும் நிக்கல.”